அடகு போகாத மார்க் ஷீட்

இருபது ரூபாய் முத்திரைத் தாள். அதில் கம்ப்யூட்டரில் அடித்த சில வரிகள். என் மகன் படிப்பை இடையில் நிறுத்தினால் மீதி வருடங்களின் கட்டணம் முழுவதையும் கட்டுவேன், கட்டி முடிக்கும்வரை அவனுடைய அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே வைத்துக்கொள்ளலாம் என்று தகப்பனார் ஒப்புக்கொண்டதாக வாசகம். கீழே தகப்பனார் கையெழுத்து, அதை அடுத்து மகன் கையெழுத்து. சாட்சிகளுக்கு விட்ட இரண்டு கோடும் காலி. கோவைக்குக் கிழக்கே உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, என் வக்கீல் நோட்டீஸுக்கு அனுப்பிய பதிலோடு இந்த நகலையும் கோத்து அனுப்பியிருந்தது. 2015 ஜூன் மாதம்.

இதைப் பார்த்தபின் வாய் திறப்பீர்களா என்று கேட்பதுபோல இருந்தது பதில் நோட்டீஸின் தொனி. நான் முதலில் பார்த்தது தேதியை. 2013 ஜூலை. பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலை எடுத்து, பிறந்த தேதியை அதோடு ஒட்டிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட அன்று அவனுக்குப் பதினெட்டு நிறையச் சில மாதங்கள் பாக்கி இருந்தன.

மைனர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் 1903-இலேயே சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரியில் முதல் வருடமே படிக்கிற தீர்ப்பு அது. பிளஸ் டூ முடித்து வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் மைனர்கள் என்பது கல்லூரி அலுவலகங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் கையெழுத்து வாங்குகிறார்கள், பயந்து கிடப்பார்கள் என்று.

சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிற குடும்பம். ஜவுளிக்காரரிடம் பாவும் ஊடை நூலும் வாங்கி வந்து, நெய்து கொடுத்து, மீட்டருக்கு இத்தனை பைசா என்று கூலி வாங்கும் வியாபாரம். வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் இந்தப் பையன். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் மெக்கானிக்கல் கிடைத்தது. அப்போது சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருடக் கட்டணம் 40,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 45,000. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையில் 20,000 ரூபாயை அரசு ஏற்றுக்கொள்ளும். மீதியை அப்பா கட்டினார். காகிதத்தில் கணக்கு அவ்வளவுதான். பாலிதீன் உறையில் அவர் கொண்டுவந்த ரசீதுகளைப் பிரித்தபோது வேறு கணக்கு தெரிந்தது. பஸ் ஃபீஸ், புத்தக ஃபீஸ், பிளேஸ்மென்ட் டிரெயினிங் ஃபீஸ். கடைசியாகச் சொன்னதற்கு வரிசை எண்கூட இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டு.

இரண்டாம் வருடம் குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தது. ஓடுகிற தறியிலிருந்து நாடா தெறித்து அப்பாவின் நெற்றியில் அடித்துவிட்டது. ஆள் வைத்து ஓட்டக் கட்டுப்படியாகாது. பையன் பகலில் கல்லூரி, ராத்திரி தறி என்று ஓட்டினான். நாலாம் செமஸ்டரில் அவனுக்கே மஞ்சள் காமாலை வந்து அரசு மருத்துவமனையில் படுத்தான். தேறி வந்து கணக்குப் பார்த்தால் வருகைப் பதிவு 68 சதவீதம். ஹால் டிக்கெட் இல்லை என்றார்கள். நாலாம் செமஸ்டரை அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு.

"படிச்சது போதுமுங்க. பாலிடெக்னிக்ல போட்டுடறேன். ஒரிஜினலு மட்டும் வாங்கிக் குடுங்க சாமி" என்றார் அப்பா.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் கணக்குப் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். அரசுப் பாலிடெக்னிக் என்றால் செலவும் கையைக் கடிக்காது. ஆனால் சேர்க்கையின்போது அசல் மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். கல்லூரி கேட்டது மீதி இரண்டு வருடக் கட்டணம், பாக்கிப் பஸ் ஃபீஸ், இன்னும் ஏதேதோ சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல். பணத்தைக் கட்டு, பேப்பரை எடுத்துப்போ.

முதல்வர் அறைக்கு வெளியே அப்பா காலையிலிருந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் மேலே ஒரு பெயர்ப் பலகை இருந்தது. பின்னாளில் நானே போய்ப் பார்த்தேன். ராகிங் தடுப்புக் குழு, பெண்கள் நலக் குழு, மாணவர் குறைதீர்ப்புக் குழு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தலைவர், உறுப்பினர் பெயர்களும் போட்டிருந்தார்கள். தொழில்நுட்பக் கல்லூரிகள் குறைதீர்ப்பு ஏற்பாடு வைத்தே தீரவேண்டும் என்று ஏஐசிடிஇ 2012-இலேயே விதி போட்டாயிற்று. பலகை மாட்டியதோடு அந்தக் கல்லூரியில் விதி நிறைவேறிவிட்டது. அப்பாவிடம் அங்கே போய் ஒரு மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

இந்த வழக்கில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் மார்க் ஷீட் அல்ல, அந்த 68 சதவீதம்தான்.

2013-இல் சேர்ந்த மாணவர்களுக்குப் பொருந்துவது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறை. அதை வாங்கி வரிவரியாகப் படித்தேன். 75 சதவீத வருகை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், வகுப்பில் தினமும் ஓதுகிறார்கள். அதற்கு அடுத்த வரியை ஓதுவதில்லை. 65-க்கும் 75-க்கும் இடையில் வருகை இருந்து, குறைந்ததற்குக் காரணம் மருத்துவமனையில் சேர்ந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய் என்றிருந்தால் விலக்குக் கொடுத்துத் தேர்வு எழுத விடலாம். மருத்துவச் சான்றிதழில் கல்லூரி மேலொப்பமிட வேண்டும். அவ்வளவுதான் நடைமுறை. பையன் டிஸ்சார்ஜ் சம்மரியை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறான். அவர் வாங்கி மேசை டிராயரில் போட்டதைப் பார்த்தானாம். டிராயரிலிருந்து துறைத்தலைவர் மேசைக்கு அது போகவே இல்லை.

அந்த ஒழுங்குமுறையில் இன்னொரு வழியும் இருக்கிறது. நெடுநாள் நோய், விபத்து போன்ற தக்க காரணம் இருந்தால் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, பிறகு வந்து தொடரலாம். தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் கல்லூரி முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். எட்டு செமஸ்டர் படிப்பை முடிக்கப் பதினாலு செமஸ்டர்வரை அவகாசம் உண்டு, ஏழு வருடம். இருபது மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்ற கணக்கில் ஆலோசகர் போட வேண்டும், வகுப்புக் குழு கூட வேண்டும் என்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. மாணவனுக்குச் சாதகமான இத்தனை வரிகளும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் கிடந்தன. இரண்டு வருடத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கல்லூரி எடுத்துக் காட்டிய ஒரே விதி, இருபது ரூபாய்ப் பத்திரம்.

"தம்பி, இதை வைத்துப் பரீட்சை எழுத விடச் சொல்லிக் கேட்கலாமே?" என்று பையனிடம் கேட்டேன். அப்பா முகத்தைப் பார்த்தான். "வேண்டாங்க சார். திரும்ப அங்கயே போய் எப்படிங்க ரெண்டு வருசம் படிக்கறது? இன்டர்னல் மார்க்கு அவங்க கையிலதானுங்க இருக்குது" என்றான். பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கோர்ட்டில் ஜெயித்து அதே வகுப்பில் போய் உட்கார்ந்த மாணவர்கள் பட்ட பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். ஆக, மனு சான்றிதழுக்கு மட்டும் என்று முடிவானது.

உள்ளூரிலேயே நுகர்வோர் கோர்ட்டில் போடலாமே என்று ஜூனியர் கேட்டார். கல்வி விற்பனைச் சரக்கல்ல, கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தில் சொல்லும் சேவை தரவில்லை என்று 2012-இல் பி.டி. கோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்கு மாறாகப் போகிற தீர்ப்புகளும் உண்டு, ஆனால் அந்த விவாதத்திலேயே ஒரு வருடம் போய்விடும். (2020-இல் சேலத்து விநாயகா மிஷன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக மாணவர்கள் கொண்டுபோன ‘மனு சோலங்கி’ வழக்கில் தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வும் கல்வி தன் வரம்புக்குள் வராது என்றே சொன்னது.) எங்களுக்கு வருடம் இல்லை, பாலிடெக்னிக் சேர்க்கை முடிய வாரங்களே இருந்தன. ரிட் மனுதான் வழி. கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னைதான். சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை சென்ட்ரல். கொங்கு நாட்டு வக்கீல்களில் பாதிப் பேர் கேஸ் கட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கப் பழகியது அந்த வண்டியில்தான்.

தனியார் கல்லூரி மீது ரிட் செல்லுமா என்ற ஆட்சேபம் வந்தது. அது எதிர்பார்த்ததுதான், 1989-இன் ஆண்டி முக்தா தீர்ப்பை வைத்தேன். அரசு அங்கீகாரத்தோடு பொதுக் கடமை செய்கிற கல்லூரி அறக்கட்டளையாக இருந்தாலும் அரசியல் சாசனம் 226-ஆம் பிரிவின்கீழ் உத்தரவிடலாம் என்பது அது.

கல்லூரித் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். நேராகப் பெரிய ஆயுதத்தை எடுத்தார். 2003-இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கல்லூரிகள் ஒரு செமஸ்டர் அல்லது ஒரு வருடக் கட்டணத்துக்கு மேல் முன்கூட்டி வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, மாணவன் இடையில் போய்விடுவான் என்று கல்லூரிக்குத் தோன்றினால் மீதிக் கட்டணத்துக்குப் பத்திரமோ வங்கி உத்தரவாதமோ வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அந்த வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். எங்கள் கல்லூரி உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் செய்திருக்கிறது, பையன் போனதால் இரண்டு வருடம் ஒரு இடம் வீணாகிறது, அந்த நஷ்டத்தை யார் கட்டுவது என்று முடித்தார்.

பத்திரம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மார்க் ஷீட்டை வாங்கிப் பூட்டலாம் என்று எங்கே சொன்னது? பத்திரம் இருந்தால் பணத்துக்கு உரிமையியல் வழக்குப் போடலாம். போட்டாலும் கேட்ட தொகை அப்படியே கிடைக்காது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இடம் வீணானது என்ற வாதத்துக்கு என்னிடம் ஒரு காகிதம் இருந்தது. பையன் சேர்ந்த வருடத்துக் கவுன்சலிங்கின் கடைசி நாளில் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிட்ட காலியிடப் பட்டியல். அந்தக் கல்லூரியின் அதே பிரிவில் அன்றைக்கே இடங்கள் காலி. நிரம்பாத பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கியதால் என்ன நஷ்டம்?

அசல் வாதம் 171-ஆம் பிரிவு. ஒருவர் பொருளை இன்னொருவர் பாக்கிக்காகப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொது உரிமையைச் சட்டம் எண்ணி எண்ணித்தான் கொடுத்திருக்கிறது. வங்கியாளர், கமிஷன் ஏஜென்ட், துறைமுகக் கிடங்குக்காரர், உயர் நீதிமன்ற அட்டர்னி, பாலிசித் தரகர். கல்லூரி அதில் இல்லை. வேறு ஒப்பந்தம் இருந்தால் ஆகும் என்கிறது பிரிவு, அதற்குத்தான் அந்தப் பத்திரம். ஆனால் சான்றிதழ் யாருடையது? மகனுடையது. மகன் மைனர், அவன் கையெழுத்துச் செல்லாது. அப்பா தன் பொருளை அடமானம் வைக்கலாம், மகன் வாங்கிய மார்க்கை எப்படி வைப்பார்? போதாததற்கு, பிடித்து வைக்கச் சான்றிதழ் சரக்கே அல்ல.

இதற்குத் துணையாக நான் காட்டிய தீர்ப்பு எங்கள் தொழிலையே குட்டியது. ஆர்.டி. சக்சேனா வழக்கு, 2000-ஆம் வருடம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். கேஸ் கட்டு விற்கக்கூடிய சரக்கல்ல, பாக்கிக்கு அதைப் பிடிக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, அது தொழில் ஒழுக்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதைப் படித்தபோது நீதியரசர் எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். உங்களுக்கே இல்லாத உரிமை உங்கள் கட்சிக்காரருக்கு எங்கிருந்து வந்தது என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். பள்ளிச் சான்றிதழ்களை அசலாகக் கையில் வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை என்று 2007-இல் யுஜிசி வெளியிட்ட அறிவிப்பையும் கொடுத்தேன். அது வகுப்பு தொடங்கும் முன்பே விலகுகிறவர்களுக்குத்தான் என்று எதிர்த்தரப்பு நெளிந்தது. கட்டணம் திருப்பித் தருவது பற்றிய பகுதிக்கு அந்த வாதம் சரிதான். சான்றிதழ் பற்றிய வரிக்கு அப்படி எல்லை எதுவும் இல்லை.

இத்தனை சட்டத்தையும் அப்பா எனக்கு முன்பே ஒரே மூச்சில் சொல்லியிருந்தார், என் ஆபீஸில் உட்கார்ந்து. "சாயப்பட்டறைக்காரரு கூலி குடுக்கற வரைக்கும் துணிய வெச்சுக்குவாருங்க. அது ஞாயம், துணிக்கு அவரு சாயம் போட்டிருக்கறாரு. இவிய எம்பையன் மார்க் ஷீட்டுக்கு என்னங்க பண்ணுனாங்க?" ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு இதுவேதான். பொருளின் மேல் உழைப்பையோ திறமையையோ செலவிட்டவர் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் கல்லூரிக்குள் வரும் முன்பே அச்சாகி முடிந்த காகிதம்.

உத்தரவு சுருக்கமாக வந்தது. நகல் கிடைத்த ஒரு வாரத்துக்குள் எல்லா அசல் சான்றிதழ்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் பாக்கி என்று கல்லூரி கருதினால் உரிய உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிக்கொள்ளலாம். வருகைப் பதிவு பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் கேட்கவில்லை, நீதிமன்றம் சொல்லவில்லை.

கொடுக்கிற அன்றைக்கும் ஒரு கூத்து. அலுவலகத்திலிருந்து அப்பா போன் செய்தார். "ஏனுங்க வக்கீலய்யா, இனிமே எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு ஒரு பேப்பரு நீட்றாங்க. கையெழுத்துப் போடட்டுங்களா?" பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், இந்த ஐந்தும் பெற்றுக்கொண்டேன், தேதி, அவ்வளவு மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் அண்ணா, மீதியை அடித்துவிடுங்கள் என்றேன். அடித்துவிட்டார். கிளார்க் முகம் கறுத்துப்போயிற்றாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

கோவையில் இப்படியெல்லாம் நடக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மில்லுக்கும் பவுண்டரிக்கும் பம்ப்செட் தொழிலுக்கும் ஆள் வேண்டுமென்று தொழில்நுட்பக் கல்வியை வளர்த்த ஊர் இது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951, சிஐடி 1956. அதற்கும் முன்னால் 1945-இல் ஜி.டி. நாயுடு முயற்சியில் ஆர்தர் ஹோப் பெயரில் வந்த கல்லூரிதான் இன்று தடாகம் ரோட்டில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி இடம் மாறிப் பல காலம் ஆகியும் அவினாசி ரோட்டில் ஹோப் காலேஜ் ஸ்டாப் இன்னும் நிற்கிறது. நாலு வருடப் படிப்பு பிள்ளைகளின் காலத்தை வீணடிக்கிறது, இரண்டு வருடம் போதும் என்று வாதாடி, அரசு கேட்காததால் முதல்வர் பதவியையே விட்டவர் நாயுடு. அவர் சொன்னது சரியா என்பது வேறு. மாணவனின் ஒரு வருடத்துக்கு மதிப்பு உண்டு என்று நினைத்த ஒருவர் இந்த ஊரில் முதல்வர் நாற்காலியில் இருந்தார்.

அந்தப் பையன் அரசுப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் வருடம் சேர்ந்து 2017-இல் டிப்ளமோ முடித்தான். பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டே, மாலை நேர வகுப்பில் பகுதிநேர பி.இ. சேர்ந்தான். கோவையில் டிப்ளமோக்காரர்களுக்கு நெடுநாளாக இருக்கிற வாய்ப்பு அது. வீட்டின் முதல் பட்டதாரி அவன்தான், சில வருடம் தாமதமாக. கல்லூரி ஒன்றரை லட்சத்துக்கு வழக்கே போடவில்லை. மூன்று வருடக் காலவரம்பு 2018-இல் முடிந்துபோனது. சான்றிதழ் சந்தைச் சரக்கல்ல, 171-ஆம் பிரிவில் அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே பின்னாளில் இன்னொரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

யுஜிசி 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு இப்போது கையில் இருக்கிறது. அசலைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளலாம் என்பது சுய சான்றொப்பமிட்ட நகலை மட்டும்தான். சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், அதற்குப் பின் 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதி தாண்டி முப்பது நாள் போனால் ஒன்றுமில்லை. வருகிற ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் அந்த அறிவிப்பை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். அசலை நீட்டும்போது ரசீது கேளுங்கள். பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் வருகைப் பதிவுப் பக்கத்தைப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுக்க நேர்ந்தால் டிராயரில் போட விடாதீர்கள், இன்ன தேதியில் பெற்றேன் என்று நகலில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.